வீட்டில் கட்டும் சின்ன விமானத்தில் இரண்டு முறை ஓரிங் மாற்றியும் பிரேக் கசிவு நிற்கவில்லை, எங்கே பார்ப்பது?

மூன்றாவது ஓரிங் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் விமானக்காரன் இல்லை. கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளில் ஓடும் பொக்லைன்களுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். ஓசூர் பக்கம் ரிட்டயர்டு சார் ஒருவர் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார், அவருக்கும் உங்கள் தொல்லையேதான்: சீல் மாற்றினால் பத்து நாள் சும்மா இருக்கும், அப்புறம் சக்கரத்துக்குக் கீழே மறுபடி சொட்டு. போய்ப் பார்த்தால் ஓரிங்கெல்லாம் ஊறிப்போய் நகம் பட்டாலே பிய்கிறது. என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் சார் என்றேன். பிரேக்குக்கு பிரேக் ஆயில்தானேப்பா என்றார்!

அங்கேதான் கோளாறு. சின்ன விமானங்களின் பிரேக்கில் பெரும்பாலும் 5606 என்று சொல்லும் சிவப்பு எண்ணெய்தான் ஓடும், அது மினரல் ஆயில், அதற்கு நைட்ரைல் ரப்பர் சீல். கார் கடையில் விற்கும் டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் (glycol) வகை, அதற்கு ஈபிடிஎம் ரப்பர். மாற்றி ஊற்றினால் ரப்பர் ஊதும், இளகும், எத்தனை முறை புதிது போட்டாலும் அதே கதை. பார்க்க இரண்டு ரப்பரும் ஒரே கறுப்புதான், கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. பிரேக் எண்ணெய்த் தொட்டியான ரிசர்வாயரில் இருந்து சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். மினரல் ஆயில் மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துவிடும். சாருடையதில் கொஞ்சம் மிதந்தது, மீதி கரைந்தது. (அந்த டம்ளரை மறுபடி அடுப்படிக்கு அனுப்பாதீர்கள், கிளைக்கால் விஷம்.) கலந்திருந்தால் அரைகுறை வேலை உதவாது. முழுவதும் வடித்து, லைனை ஆல்கஹாலில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, ஹோஸ் உட்பட எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். கிட்டின் (பாகங்களாக வாங்கிக் கட்டும் விமானத் தொகுப்பு) கையேட்டில் எந்த எண்ணெய் போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம், சில கிட்டுகள் பிரேக் ஆயிலுக்கென்றே செய்தவை.

எண்ணெய் சரியாக இருந்தால் கசிகிற இடத்தைத் தேடுங்கள். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு, எண்ணெய் பைப்பைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கும். எல்லாவற்றையும் துடைத்து டால்கம் பவுடர் தூவி, ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, மேலே, பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். கையால் தடவித் தேடாதீர்கள். குவாரியில் 300 பார் அழுத்தத்துக்கு மேல் ஓடுகிற மெஷினில் ஊசிமுனை ஓட்டை எண்ணெயைத் தோலுக்குள்ளேயே ஏற்றிவிடும், உங்கள் பிரேக்கில் அழுத்தம் குறைவுதான் என்றாலும் அட்டையை வைத்துப் பார்க்கும் பழக்கம் நல்லது.

நான் முதலில் சந்தேகப்படுவது பிளேர் முனையை, அதாவது ஃபிட்டிங்கில் உட்கார விரித்துவிட்ட பைப் நுனியை. விமான ஃபிட்டிங்கில் கோணம் 37 டிகிரி, கார் பக்கம் பரவலாக இருப்பது 45. பட்டறையில் கார் டூலை வைத்து விரித்துக் கொடுத்திருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் உட்காராது, இன்னும் முறுக்கினால் அலுமினியப் பைப் விரிசல் விடும். அதில் டெஃப்லான் டேப் சுற்றவே சுற்றாதீர்கள், பிசிறு உள்ளே போய் அடைக்கும். அடுத்தது லைனிங், டிஸ்கை உரசிப் பிடிக்கும் பட்டை. அது தேய்ந்துபோனால் அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் அளவுக்கு மேல் வெளியே வந்து, நல்ல ஓரிங்கே இடத்தை விட்டு நழுவும்.

பார்க்கிங் பிரேக் போட்டே வெயிலில் நிறுத்துகிறீர்களா? நம்ம ஊர் மே மாத வெயிலில் பூட்டிய லைனுக்குள் எண்ணெய் விரிந்து, போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கை எடுத்துவிடுங்கள்.