விடியக்காலை மூன்று மணிக் கவனம்

ஐயா, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், போன மாதம் கொழுந்தை அரைக்கும் ரோட்டர்வேன் மெஷினில் ஒருவருக்குக் கை போய்விட்டது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். "ஓடுகிற மெஷினுக்குள் கைவிட்டது அவன்தானே?" என்கிறார் மாமா. அவரும் அதே ஸ்டோரில் இருந்தவர். எனக்குப் பதில் வரவில்லை.
க., ஹட்டன்

அன்புள்ள தம்பி,

மாமா சொல்வது பொய்யில்லை. கைவிட்டது அவர்தான். சரி, எத்தனை மணிக்கு? பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாட வேண்டும், அதனால் அரைப்பு விடியுமுன்பே தொடங்கிவிடும். கண் தானாகச் சொருகும் நேரம். அரைபட்ட இலை யாருக்காகவும் காத்திருக்காது, நொதித்துக்கொண்டே போகும். மெஷினை நிறுத்தினால், ஸ்டோர் வேலையை மேற்பார்க்கும் டீமேக்கர் முகம் சுருங்கும். நிறுத்தும் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததா, தூணுக்கு அந்தப் பக்கமா? மெஷின் வாய்க்கு மறைப்பு இருந்ததா, கழற்றி மூலையில் சாத்தியிருந்ததா? ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது.

என் அப்பாவும் ஸ்டோரில்தான் இருந்தார். சிக்கிய கொழுந்தைக் குத்திவிட ஒரு கொய்யாக் கம்பு வைத்திருப்பார். கம்பைக் காணாத நாளில் கைதான். பத்து விரலும் மிஞ்சியதற்கு அவருடைய கவனம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

இதே கதை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அதுவும் விடியக்காலை நான்கு மணிதான். ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்ததால், அங்கே ஷிப்டில் இருந்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியதோ, 'மூடு' என்ற கட்டளை போனதை மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. தண்ணீர் அதிகம் என்று நினைத்து, அவசரப் பம்புகள் தந்த நீரையும் குறைத்தார்கள். உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. தவறு அவர்களுடையதுதான். அந்த விளக்கை அப்படி அமைத்தவர் மட்டும் அன்று ஷிப்டில் இல்லை.

இன்னொன்று. 1977இல் டேவிஸ்-பெஸ் என்ற வேறொரு நிலையத்திலும் இதே மாதிரி வால்வு இப்படியே சிக்கியது. அங்கே நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பாடம் திரீ மைல் ஐலண்ட் ஆட்களிடம் போய்ச் சேரவில்லை.

உங்கள் ஸ்டோரிலும் விசாரிக்க வேண்டியது இதைத்தான்: இவருக்கு முன்னால் அந்த மெஷினுக்குள் கைவிட்டு, தப்பியவர்கள் யார் யார்? முதலில் மாமாவிடம் கேளுங்கள். அவரும் விட்டிருப்பார்.