விர்ச்சுவல் கேமராவில் காட்டும் ஸ்லைடு மற்றவர்களுக்கு மங்கலாகத் தெரிவது ஏன்?

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற வீடியோ மென்பொருளில் உங்கள் முகத்தையும் ஸ்லைடையும் சேர்த்து, அந்தக் காட்சியையே கேமராப் படம்போல அனுப்பும் விர்ச்சுவல் கேமராவாக மீட்டிங்கில் கொடுக்கிறீர்கள். உங்கள் திரையில் பளிச்சென்று இருப்பது மற்றவர்களுக்குக் கலங்கித் தெரிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆன்லைனில் தமிழ் இலக்கணம் எடுக்கிறேன். ஒரு நாள் ண, ன வேறுபாடுதான் பாடம். 'மணம்', 'மனம்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து ஒரு மாணவி, "ஐயா, எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றார். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் சுழிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மகர மெய்யின் மேல் புள்ளியையே காணோம். அத்தனை நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது.

காரணம் இதுதான். ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் எதுவானாலும் அதற்கு விர்ச்சுவல் கேமராவும் ஒரு கேமராதான். கேமராவில் வருவது முகம் என்று நினைத்து, அசைவு தடைபடாமல் போவதற்கு முதலிடம் கொடுக்கும்; கூர்மையை விட்டுக்கொடுக்கும். ஸ்கிரீன் ஷேரில் இது பெரும்பாலும் தலைகீழ். அதோடு, பார்ப்பவர் உங்களைச் சின்னக் கட்டத்தில் வைத்திருந்தால் அவருக்குச் சின்னப் படம்தான் போய்ச் சேரும். 720 வரி உயரப் படத்தில் 24 பிக்சல் உயரமுள்ள எழுத்து, 360 வரிப் படத்தில் 12 பிக்சலாகிவிடும். அதில் புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ பிக்சல். நிறத்துக்கு இன்னும் மோசம்: வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதிப் பாதியாகவும்தான் பொதுவாக வைக்கிறார்கள். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசிவது அதனால்தான்.

ஆகவே, படித்தே தீர வேண்டிய எழுத்தைக் கேமரா வழியாக அனுப்பாதீர்கள் என்பதே என் பதில். முகமும் ஸ்லைடும் சேர்ந்த அமைப்பை விட வேண்டியதில்லை. ஓபிஎஸ் ப்ரிவ்யூவின் மேல் ரைட் கிளிக் செய்து, அந்தக் காட்சியை மட்டும் காட்டும் 'ப்ரொஜெக்டர்' வசதியைத் தனி விண்டோவில் திறந்து, அந்த விண்டோவை ஸ்கிரீன் ஷேர் செய்யுங்கள். அதே காட்சிதான், ஆனால் எழுத்துக்கு மரியாதை கிடைக்கும் வழியில் போகும். நான் இப்போது எல்லா வகுப்பும் இப்படித்தான் எடுக்கிறேன். ஜூமில் ஷேர் பகுதியிலேயே இரண்டாவது கேமராவைப் பகிரும் வசதியும் இருக்கிறது; அங்கே விர்ச்சுவல் கேமராவைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஷேர் செய்ய அனுமதி இல்லாத கூட்டமென்றால் கேமராதான் கதி. அப்போது ஓபிஎஸ்ஸின் வீடியோ அமைப்பில் கேன்வாஸ் (காட்சியை அடுக்கும் பரப்பு), அவுட்புட் (வெளியே போகும் படம்) இரண்டின் அளவையும் 1280x720 என்று வையுங்கள். படம் தேவையில்லாமல் இருமுறை சுருங்காது. மீட்டிங் செயலியில் எச்டி வீடியோவை ஆன் செய்துவிட்டு, விர்ச்சுவல் பேக்ரவுண்டை மறக்காமல் அணையுங்கள். அது ஆளை மட்டும் தேடுவதால் ஸ்லைடைப் பின்னணி என்று எண்ணி அழித்துவிடும். கூட்டம் நடத்துபவரிடம் உங்களை ஸ்பாட்லைட் செய்யச் சொல்லுங்கள், அதாவது எல்லோருக்கும் பெரிதாகத் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். ஸ்லைடில் நான்கைந்து வரிகள் போதும், தடித்த எழுத்து, வெள்ளையில் கறுப்பு. அட்டவணை வேண்டவே வேண்டாம்.

உங்கள் திரையில் எழுத்து இடவலமாகத் திரும்பித் தெரிந்தால் பதறாதீர்கள், அது உங்களுக்கு மட்டும் காட்டப்படும் கண்ணாடித் தோற்றம். அதைச் சரிசெய்வதாக நினைத்து ஓபிஎஸ்ஸில் திருப்பி வைத்தால்தான் மற்றவர்களுக்கு இடவலம் மாறிப் போகும். அப்புறம், 2020-இல் வந்த 26-ஆம் பதிப்பிலிருந்து விர்ச்சுவல் கேமரா ஓபிஎஸ்ஸிலேயே சேர்ந்து வருகிறது. பழைய வீடியோ பார்த்துத் தனி ப்ளக்இன் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் உங்கள் ப்ரிவ்யூவை நம்பாதீர்கள். போனிலிருந்து அதே மீட்டிங்கில் இன்னொரு ஆளாக நுழைந்து, ஆடியோவை இணைக்காமல், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். கையை நீட்டிப் பிடித்த போனில் 'மணம்', 'மனம்' தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நான் பிள்ளைகளை உள்ளே விடுகிறேன்.