கிளிப் போட்ட வாயும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும்

கேள்வி: பல்லுக்குக் கிளிப் போட்டால் வழக்கமான வீட்டுச் சாப்பாடு சாப்பிட முடியாதா? கழற்றும்வரை கஞ்சிதானா?

கஞ்சி முதல் மூன்று நாளைக்கு. அப்புறம் ஒவ்வொரு முறை கம்பியை இறுக்கிவிட்டு வரும்போதும் ஒரு இரண்டு நாள். மற்றபடி சோறு, குழம்பு, மீன், கறி எல்லாம் சாப்பிடலாம். நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை, யாரோ நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

நான் பல் டாக்டர் இல்லை. "டாக்டரைக் கேட்காமல் இவர் யார் சொல்ல" என்று கிளம்புகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: டாக்டரைக் கேளுங்கள். நான் 22 மாதம் வாயில் கம்பியோடு சாப்பிட்டவன், அவ்வளவுதான் என் தகுதி.

எனக்குத் தெத்துப்பல். 29 வயதில்தான் கையில் காசு வந்தது, போட்டுக்கொண்டேன். இடம் போதவில்லை என்று மேலே இரண்டு, கீழே இரண்டு, நல்ல பல்லாகவே நான்கைப் பிடுங்கினார்கள். "தெத்துப்பல் அதிர்ஷ்டம்டா, அதைப் போய்..." என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அந்த அதிர்ஷ்டம் 29 வருஷமாக எங்கே இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு கடலைமிட்டாய்க் கடை. 2020இல் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை பேப்பரிலிருந்து வெட்டி, லேமினேஷன் பண்ணிக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனிடம் டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். சூயிங் கம், ஐஸ் கட்டி, பாப்கார்ன், சிக்கி. 'சிக்கி என்றுதானே இருக்கிறது, கடலைமிட்டாய் என்று இல்லையே' என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

கிளிப் போட்டு நான்காவது மாதம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அப்பா ஒரு துண்டை நீட்டினார். "கடிக்காத. வாயில போட்டு ஊற வச்சுத் தின்னு, ஒண்ணும் ஆகாது." ஊற வைத்தேன். பாகு கரைய ஆரம்பித்தது. தாடைக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குப் பழக்கத்தில் ஒரு கடி கடித்துவிட்டது. கடக்கென்று ஒரு சத்தம். நாக்கில் ஏதோ கெட்டியாக உருண்டது. கடையில் நாலைந்து பேர் நிற்கிறார்கள், நான் யோசிக்காமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "அப்பா, மிட்டாய்ல கல்லு கிடக்கு."

அவர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். "ஏலே, முப்பது வருசமா யாவாரம் பாக்கேன். ஒருத்தன் கல்லுன்னு சொன்னது கிடையாது. துப்புலே, பாப்போம்." துப்பினேன். கல் இல்லை. கீழ் வரிசையில் கடைசிப் பல்லில் ஒட்டியிருந்த குழாய் மாதிரியான சின்ன உலோகத் துண்டு. அதை உள்ளங்கையில் வைத்து வந்திருந்த அத்தனை பேருக்கும் காட்டினார். "பாத்துக்கிடுங்க, இது என் மிட்டாயில உள்ளதில்ல, இவன் வாயில உள்ளது."

அதன் பிறகுதான் வேதனை. பிடிமானம் போன கம்பியின் முனை கன்னத்தில் குத்த ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்திருந்த மெழுகை உருட்டி முனையில் ஒட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் சென்னை வந்து சேர்ந்தேன். திரும்ப ஒட்டியபடியே டாக்டர் விளக்கினார். கிளிப் துண்டுகளைப் பல்லில் ஒட்டுகிற பசை, வேலை முடிந்ததும் பல்லுக்குச் சேதம் இல்லாமல் கழற்ற வேண்டும் என்பதற்காக ஒரு அளவுக்குத்தான் பிடிக்குமாம். கெட்டியானதைக் கடித்தால் தெறித்துவிடும். ஒரு துண்டு போய்விட்டால் அந்தப் பல்லைக் கம்பி இழுக்காது, மொத்த வைத்தியமும் தள்ளிப்போகும்.

ஆக, முறுக்கு, தட்டை, சீடை, கரும்பு கிடையாது. எலும்பைக் கடிக்கக் கூடாது, கறியைக் கையால் பிய்த்துச் சாப்பிடலாம். கொய்யா, ஆப்பிளை மெல்லிசாக நறுக்கிக் கடைவாயில் போட்டுக்கொள்ளுங்கள். முன்பல்லால் எதையும் கடித்து இழுக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். முருங்கைக்காயைப் பிளந்து ஸ்பூனால் வழித்துவிடுங்கள். புரோட்டாவைச் சால்னாவில் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். கொத்துப் புரோட்டா என்றால் மாஸ்டரே உங்களுக்காகக் கொத்திக் கொடுத்துவிடுகிறார்! விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவின் மொறுமொறு ஓரத்துக்கு மட்டும் என் கியாரண்டி கிடையாது.

யாரும் சொல்லாத எதிரிகள் வேறு. தாளித்த கடுகு கம்பிக்கும் பல்லுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீரை கம்பியில் சுற்றிக்கொள்ளும். தேங்காய்த் துருவல் சாயங்காலம் வரைக்கும் கூட வரும். ஆபீஸ் பையில் ஒரு பிரஷ்ஷும், பல்லிடுக்கில் விடுகிற குட்டி பிரஷ்ஷும் இருக்கட்டும். சுத்தம் செய்யாமல் விட்டால் கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழும், கழற்றின பிறகும் அது இருக்கும். இன்னொன்று, கம்பியைக் கிளிப்போடு பிடித்து வைக்கிற குட்டி ரப்பர் வளையத்துக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால், வெளியே தெரியாமல் இருக்கிறதே என்று கண்ணாடி நிறத்தைக் கேட்காதீர்கள். நம் வீட்டு மஞ்சள்தூளுக்கு இரண்டு வேளை சாம்பார் போதும், வாய் முழுக்க மஞ்சள் மணி கோத்த மாதிரி ஆகிவிடும். நான் அடுத்த முறையே சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டேன்.

இதையெல்லாம் சமாளிக்கலாம். கல்யாணப் பந்தியைத்தான் சமாளிக்க முடியாது. கிளிப் போட்டவன் மெதுவாகத்தான் சாப்பிடுவான். சாத்தூரில் ஒரு கல்யாணத்தில் நான் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டு ஊறுவதற்காகக் காத்திருக்கிறேன், என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே பின்னால் நிற்கிறது. அந்த அம்மா பையனிடம், "இந்த மாமா எந்திரிச்சதும் ஒக்காந்துரு" என்கிறார். நான் இன்னும் மோருக்கே வரவில்லை! லட்சக்கணக்கில் செலவு பண்ணி மண்டபம் பிடிக்கிறவர்கள், அடுத்த பந்திக்காரர்களை வாசலில் நிறுத்த ஒரே ஒரு ஆளைப் போடக் கூடாதா? சாப்பிடுகிறவனின் பிடரியில் மூச்சு விடுவது எந்த ஊர் மரியாதை? சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

கிளிப் கழற்றி ஏழு மாதம் ஆகிறது. பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடாமல் பிடித்து வைக்கிற ரீட்டெய்னர் ராத்திரிக்கு மட்டும். கழற்றும்வரை அப்பா எனக்காக மிட்டாயை உரலில் இடித்துத் தூளாக்கி டப்பாவில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். உடைந்து போன துண்டுகள்தான், விற்கிற மிட்டாயில் கை வைக்கவில்லை. நீங்களும் அப்படிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சாப்பிட்டதும் பல் விளக்கிவிடுங்கள்.