கோலாலம்பூரில் ஒரு சின்ன ஃப்ளை ஃபிஷிங் கிளப்பில் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். சம்பளம் இல்லை, "பெரிய வேலை ஒன்றும் இல்லை" என்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?

ஆறு வருஷம் அதே நாற்காலியில், இதே கோலாலம்பூரில், வேறொரு கிளப்பில் உட்கார்ந்து எழுந்தவன் நான். மீன் பிடிக்கும் ஆசை உங்களுக்கு இன்னும் அடங்கவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பொறுப்பு எடுப்பதற்கு முந்தின வருஷம் இருபது நாளுக்கு மேல் தண்ணீரில் நின்றிருப்பேன். எடுத்த வருஷம் அதைவிட அதிகமாகவே ஆற்றுக்கும் ஏரிக்கும் போனேன். கயிறு வீசியது நாலே நாள். மற்ற நாளெல்லாம் என் கையில் இருந்தது பெயர்ப்பட்டியல், விசில், பிளாஸ்டர் டப்பா, அப்புறம் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு.

"பெரிய வேலை ஒன்றும் இல்லை" என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். செந்தூலில் ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை, பசியாறிக்கொண்டிருந்தோம். வாய் நிறைய ரொட்டி சானாய் இருந்தபோது கேட்டார்கள். மென்று விழுங்குவதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

இந்த வகைத் தூண்டிலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ போலி மீனோ தன் எடையால் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் நூலும் சுற்றியது, ஊதினால் போய்விடும். அதனால் எடையைக் கயிற்றில் வைத்திருக்கிறார்கள். எட்டாம் நம்பர் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி 210 கிரெய்ன், ஏறக்குறைய 13.6 கிராம். ஐந்தாம் நம்பர் 140 கிரெய்ன். அந்தக் கயிற்றைப் பின்னால் வீசி, அது காற்றில் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் அனுப்ப வேண்டும். இந்தப் பொறுப்பதுதான் யாருக்கும் வராது.

அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கிளப் பொறுப்பாளர்களின் சனிக்கிழமை வேலை. எங்கள் தலைவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மலாய்க்காரர், சீனர், நம்மவர், எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். தாமான் திடலில் காலை ஏழு மணிக்கு, கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டிய கயிறுகளைப் புல்லில் நீட்டி வைத்திருப்பார். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் சாட்டை சொடுக்குவது போலத்தான் வீசுவார்கள். பட்டென்று சத்தம் கேட்கும், நூல் துண்டு எங்கோ போய் விழும். அங்கிள் பின்னால் நின்றுகொண்டு, "தம்பி, பின்னால போன கயிறு இன்னும் போய்ச் சேரல. அதுக்குள்ள நீ எங்க கிளம்பிட்ட? மெதுவா லா" என்பார். மணிக்கட்டை மடக்குகிறவர்களுக்குப் பழைய காலுறையின் எலாஸ்டிக்கைக் கத்தரித்து, கம்பின் அடியையும் முன்கையையும் சேர்த்துக் கட்டிவிடுவார். பத்து நிமிஷத்தில் கை அடங்கும். நானும் அப்படிக் கட்டப்பட்டவன்தான்.

மூன்று சனிக்கிழமை வந்து, நாலாவது வாரம் இரண்டாயிரம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, கம்பு வாங்கி, ஐந்தாவது வாரத்திலிருந்து காணாமல் போனவர்களை எண்ணத் தொடங்கினால் மனசு விட்டுப்போகும். எண்ணாதீர்கள்.

அடுத்தது காகிதம். நம் நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் அது சங்கம், பதிந்தாக வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும்: கணக்கு, பொறுப்பாளர் பட்டியல், எல்லாம். எனக்கு முன்னால் இருந்தவர் அருமையான மனிதர், இறகு கட்டுவதில் கை தேர்ந்தவர். மூன்று வருஷத்து அறிக்கையை ஒரு மைலோ டப்பாவில் போட்டு வைத்திருந்தார், அனுப்பவில்லை. பதிவு ரத்தாகியிருந்தால் வங்கிக் கணக்கில் கிடந்த பணத்தை எடுக்க நாங்கள் எத்தனை படி ஏறியிருக்க வேண்டுமோ! முதல் நாலு மாதம் எனக்கு அந்த டப்பாவோடுதான் குடித்தனம். மீன் வாசனைகூட அடிக்கவில்லை.

கோயில் கமிட்டியில் நாற்காலி பறப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இங்கே ஒன்று விசித்திரமாக இருந்தது. பதவிக்குப் பெயர் கேட்டால் எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்கள். அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

பயணம் ஏற்பாடு செய்வது தனிக் கதை. வாட்ஸ்அப்பில் தெமெங்கோர் ஏரி என்று எழுதினால் ஐந்தே நிமிஷத்தில் பதினாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். கிளம்புகிற அன்று ஆறு பேர்தான் வருவார்கள். படகுவீட்டுக்குக் கொடுத்த முன்பணம் ஒருமுறை அப்படித்தான் போனது. பாதியை நான், பாதியை அங்கிள். வீட்டில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது வெள்ளி கொடுத்தால்தான் பட்டியலில் பெயர் என்று வைத்தேன். "நண்பர்களுக்குள்ள காசா?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவர்தான் முந்தின முறை வராதவர். ராயல் பெலும் காட்டுப் பூங்காவுக்குள்ளே போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எல்லோருடைய ஐசி, அதாவது அடையாள அட்டை, விவரமும் தேவை. அதைக் கேட்டு வாங்குவதற்குள் நீங்கள் இரண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிடலாம்.

சண்டை வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. எங்களுக்கு வந்தது தோமானால். நம் விராலின் பெரியண்ணன் அது. தெமெங்கோரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளிலும் உண்டு. குஞ்சு பொரித்த தோமான் பார்க்க வேண்டிய காட்சி. நூற்றுக்கணக்கான செம்மஞ்சள் குஞ்சுகள் மூச்சுவிட மேலே வரும்போது, தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் உலையரிசி போலக் கொதிக்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கொதிப்பின் நடுவில் ஃப்ளையைப் போட்டால் அடி நிச்சயம். பசியால் வரும் அடி கிடையாது, குஞ்சுகளுக்குப் பக்கத்தில் எதுவும் வரக்கூடாது என்ற கோபம். பிடித்த மீனைக் கொண்டுபோய்விட்டால் அந்தக் குஞ்சுகளைச் சுற்றியிருக்கும் மற்ற மீன்கள் சும்மா விடுமா? பிடித்துவிட்டு விட்டாலும், படகில் படம் எடுக்கிற அந்த நாலு நிமிஷம் காவல் பாதிதான்.

கிளப் பயணத்தில் குஞ்சோடு இருக்கும் தோமானுக்கு வீசக்கூடாது என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். முதல் வருஷம் தோற்றது. "வெளியாட்கள் ஈட்டியால குத்துறான், நாம மட்டும் ஏன் சாமியாராகணும்?" என்று கேட்டார் ஒருவர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த வருஷம் அங்கிள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பேசினார், மூன்று ஓட்டில் ஜெயித்தோம். அன்று விலகிப்போன இரண்டு பேர் திரும்பவில்லை. அதில் ஒருவர் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் இன்றும் பந்தி மாறி உட்காருவார். தீர்மானம் சரிதான். அதை இன்னும் கொஞ்சம் பக்குவமாகக் கொண்டுவந்திருக்கலாம் என்பது என் உறுத்தல்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது.

கோல குபு பாரு பக்கம் ஒரு காட்டாறு. ஒன்பது பேர் போயிருந்தோம், செபராவ் மீன் பிடிக்க. 1883-இல் அணை உடைந்து பழைய கோல குபு ஊரையே வெள்ளம் அடித்துப்போன வட்டாரம் அது. அங்கிள் போகும்போதெல்லாம் காரில் அந்தக் கதையைச் சொல்வார், நாங்கள் தூங்குவோம். ஆற்றில் இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் மூன்று கூழாங்கற்களை வரிசையாக வைப்பது. ஒன்று நனைகிற மாதிரி, ஒன்று தொட்டும் தொடாமலும், ஒன்று உலர்ந்த இடத்தில். அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து தெர்மாஸைத் திறந்துவிடுவார். கம்பு காரிலேயே இருக்கும்.

மணி பதினொன்று. தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். இரண்டாவது கல் நனைந்தது. தேஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில் தெளிவாக ஓடிய தண்ணீரில் லேசாகப் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். கொஞ்சம் சருகு, கொஞ்சம் நுரை. மேலே மலையில் எங்கேயோ மழை. கெப்பாலா ஆயர் என்று மலாயில் சொல்வார்களே, ஆற்றின் தலை, அது வருவதற்கு முன் இப்படித்தான் ஆள் அனுப்பும். வந்தபிறகு ஓடுவதற்கு நேரம் இருக்காது.

அங்கிள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விசில் ஊதினேன். ஆறு பேர் கரையேறினார்கள். வளைவுக்குக் கீழே நின்ற ஒருவருக்கு அப்போதுதான் மீன் மாட்டியிருந்தது. கம்பு வளைந்திருந்த விதத்தைப் பார்த்தால் நல்ல மீன்தான். "அஞ்சு நிமிஷம் அண்ணே!"

"அறுத்துட்டு வா" என்றார் அங்கிள். சத்தம் போடவில்லை.

அவர் அறுத்தார். ஏறி வந்தார். மேட்டில் ஒன்பது பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் மூன்றாவது கல்லைத் தொட்டது, அரை முழம் ஏறியது, அப்படியே நின்றது. அவ்வளவுதான். பாறை உருளவில்லை, மரம் அடித்து வரவில்லை. பிற்பகலில் பழையபடி தெளிந்தேவிட்டது. அந்த மனிதர் வருகிற வழியெல்லாம் வாய் திறக்கவில்லை, பிறகு ஒரு வருஷம் வாய் மூடவில்லை. "மூணு கிலோ மீன், அங்கிளோட பயத்துக்குப் போச்சு." கூட்டத்துக்குக் கூட்டம் அந்த மீன் வளர்ந்துகொண்டே போனது. ஐந்து கிலோ வரை நானே கேட்டேன்.

அங்கிள் ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? வராத வெள்ளத்துக்குச் சாட்சி ஏது? அடுத்த பயணத்திலும் அவர் மூன்று கல் வைத்தார், நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இடி விஷயமும் இதேதான். கையில் இருப்பது ஒன்பது அடி கார்பன் கம்பு, மின்னலுக்கு அழைப்பிதழ். இடிச் சத்தம் கேட்டால் கம்பைக் கீழே வை, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிஷம் தொடாதே என்பது விதி. கோலாலம்பூரில் பிற்பகல் இடி சர்வசாதாரணம். ஆக, ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவரின் நல்ல நேரத்தை நீங்கள் கெடுப்பீர்கள், ஒவ்வொரு வாரமும் ஒன்றும் நடக்காது.

சம்பளம் கொடுப்பவன் சொன்னால் கேட்பார்கள். இங்கே சம்பளமும் இல்லை, பதவி பறிக்கிற அதிகாரமும் இல்லை. மாட்டிய மீனை அறுத்துவிட்டு வா என்றால் ஒருவர் ஏன் கேட்க வேண்டும்? நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். அங்கிள் ஒவ்வொரு முறையும் முதல் ஆளாக வந்தார், எல்லாக் காரும் கிளம்பியபிறகு கடைசியாகப் போனார். யாருடைய மகனுக்கு எஸ்பிஎம் பரீட்சை, யாருடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று தெரிந்து வைத்திருந்தார். தீபாவளிக்கு அறுத்த சேவலின் கழுத்து இறகைக் கழுவி, உப்புத் தடவிக் காயவைத்து, பழைய ஜப்பான் சிலிப்பர் ரப்பரை வெட்டி, புது உறுப்பினர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாப்பர், தண்ணீர் மேல் மிதக்கும் ஃப்ளை, கட்டிக் கொடுத்தார். அந்த மூன்று கிலோக்காரர் பெட்டியிலும் அதில் ஒன்று இருந்தது.

ஏற்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். போன வருஷ ஆண்டறிக்கை பதிவிலாகாவுக்குப் போனதற்கான அத்தாட்சியையும் வங்கிப் புத்தகத்தையும் கண்ணால் பாருங்கள். வாய் வார்த்தையை நம்ப வேண்டாம், எவ்வளவு நல்லவர் சொன்னாலும். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னும் கிளப்பில்தான் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எங்களுடையவர்களில் ஒருவர் மெல்பர்னில் குடியேறியிருந்தார்.

அப்புறம், ஒரு கிளப் பயணத்துக்குக் கம்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். மீன் நன்றாக எழும்புகிற நேரத்தில் யாராவது ஒரு பையன், கயிற்றுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நரம்பைக் காட்டி, "அண்ணே, லீடர் அறுந்துபோச்சு" என்று தலையைச் சொறிந்துகொண்டு வருவான். வந்தே தீருவான். எழுந்துபோய் முடிச்சுப் போட்டுக் கொடுத்தீர்கள் என்றால் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "பெட்டியில இருக்கு, எடுத்துக்க" என்றீர்கள் என்றால் தப்பே இல்லை. இன்னும் இரண்டு வருஷம் நிம்மதியாக மீன் பிடியுங்கள்.