நுவரெலியாக் குளிரில் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போக எப்படி உடுத்துவது?

கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர் போலிருக்கிறது. இங்கே பிறந்தவன் இதைக் கேட்கமாட்டான், கேட்காமலே போய் விழுவான். நான் விழுந்தேன்.

2022இல் பெட்ரோல் வரிசையில் நின்று அலுத்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். நுவரெலியாவை ஒட்டிய எங்கள் தோட்டத்திலிருந்து நானுஓயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போகவேண்டும், சுமார் 8 கிலோமீட்டர். போகும்போது இறக்கம். மழைக்காலம் எப்படியோ கழிந்தது. அடுத்த ஜனவரியில், புல்லெல்லாம் துகள் உறைபனி வெளுத்துக் கிடந்த ஒரு விடியலில், தடித்த ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியுமாகக் கிளம்பினேன். கை வெறுங்கை.

இறக்கத்தில் மிதிக்கிற வேலை கிடையாது, உடம்பு சூடேறாது. ஸ்வெட்டரின் பின்னலுக்குள் காற்று சும்மா புகுந்து வரும். பிளக்பூல் தாண்டி ஒரு வளைவில் பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தால் விரல் மடங்கவில்லை. நேரே தேயிலைக் கானுக்குள், அதாவது தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிகிற வாய்க்காலுக்குள், போய் விழுந்தேன். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அம்மா சாயத்தண்ணி தந்தார், கிளாஸ் கையில் நிற்கவில்லை. அடுப்பில் கையைக் காட்டப் போனேன். "நெருப்புல காட்டாத தம்பி, மரத்த கைக்குச் சுடுறது தெரியாது. கக்கத்துல வை" என்றார்.

அதனால் முதலில் கையைக் கவனியுங்கள். கம்பளிக் கையுறைக்கு மேலே பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை, ஒரு சைஸ் பெரிதாக. இறுக்கினால் இரத்தம் ஓடாமல் இன்னும் மரத்துவிடும். ஸ்வெட்டருக்கு மேலே மெல்லிய ரெயின்கோட். அது இல்லாத நாளில் நெஞ்சில் பத்திரிகையை மடித்துச் செருகிக்கொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பிரான்ஸ் மலைகளில் சைக்கிள் பந்தயம் ஓடியவர்களும் உச்சியில் பத்திரிகையைச் செருகிக்கொண்டுதான் இறங்கினார்கள். ஒரே தொல்லை மை. ஒருநாள் வெள்ளை பனியனில் யாருடைய மரண அறிவித்தலோ இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது.

பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போடாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் என்னிடம் இருப்பது அதுதான். மாலை ஏற்றத்தில் நனைந்துவிடும், அதனால் காய்ந்தது ஒன்று பையில் இருக்கும். அப்புறம், வாசலில் நின்று குளிர் பார்த்து உடுத்தாதீர்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர் பள்ளத்தில்தான் தேங்கும். மரக்கறிப் பாத்திகள் இருக்கிற பள்ளத்தில் இறங்கினால் சட்டென்று கடிக்கும்.

நல்ல சைக்கிள் கையுறையே வாங்கலாமே என்பீர்கள். விழுந்த வாரமே தபாலில் வரவழைத்தேன் ஐயா. நாங்கள் இருக்கிற லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் ஏது? தோட்டத்துப் பெயரைப் போட்டால் எல்லாம் ஆபீசுக்குப் போகும், அங்கே எவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நம் கைக்கு வரும். அக்கா மகளின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு வந்தது. மலையகத் தமிழர் நாங்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் நினைவுகூர்ந்தார்கள், எங்கள் கதவில் இன்னும் ஒரு இலக்கம் இல்லை.

கையுறை மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தது. நீங்கள் டவுனில் வாடகைக்கு இருந்தால் அந்த விலாசத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள்.