தங்கையின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் வசிக்கிறோம். கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். பிளஸ் டூ படிக்கும் என் மகன் 800 மீட்டர், 1500 மீட்டர் ஓடுகிறான். மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கி, மாநிலப் போட்டிக்குத் தயாராகிறான். தினமும் காலையில் தார் ரோட்டில் ஓட்டம். பயிற்சியைக் கூட்டியதிலிருந்து கால்வலி. தசையில் சேரும் லாக்டிக் அமிலம் வெளியேற, வாரம் இரண்டு முறை ஸ்போர்ட்ஸ் மசாஜ் வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். திருவனந்தபுரத்தில் ஓரிடத்தில் விசாரித்தோம். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். பத்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் 12,000. இதுவரை பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அண்ணனுக்குப் பாசமாக எண்ணெய் தேய்த்து அமுக்கிவிடுகிறாள். முன்பக்க எலும்பில் ஓரிடத்தில் கை பட்டாலே துள்ளுகிறான் என்கிறாள். அவளுக்குச் சரியாக அமுக்கத் தெரியவில்லை என்று அவன் கோபப்படுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு ஓர் அரசு வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறிவிடும். இந்தப் பணத்தைச் செலவழிக்கலாமா?
ஒரு தாய், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உங்கள் மகள் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறாள் அம்மா? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். மகன் எத்தனை மீட்டர் ஓடுகிறான், எந்த ரோட்டில் ஓடுகிறான், என்ன வாங்கினான் எல்லாம் இருக்கிறது. மகளைப் பொறுத்தவரை அவளுடைய கைகள் மட்டும்தான் கடிதத்தில் வருகின்றன.

பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளையிடமிருந்து தினமும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். அதுவும் சாப்பிட்டு முடித்து, வீடு அடங்கி, புத்தகத்தை விரிக்கத் தோதான நேரத்தை. அந்த மணிக்கு விலை உண்டு என்பது திருவனந்தபுரத்துக்காரர் பில் சொன்ன பிறகும் உங்களுக்கு உறைக்கவில்லை. அவர் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். மணிக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 30 இரவு, 45,000 ரூபாய். தொழில் தெரியாதவள் என்று உங்கள் மகன் குறை சொல்வதால் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் 22,500. அதை மாதாமாதம் அவளிடம் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவளுக்குக் கொடுப்பது ‘அமுக்கத் தெரியவில்லை’ என்ற பேச்சு.

பாசமாகச் செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா? ஒருநாள், ‘இன்றைக்கு வேண்டாம், எனக்குப் படிக்க இருக்கிறது’ என்று அவள் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? ‘அண்ணனுக்கு இதுகூடச் செய்யமாட்டாயா’ என்ற குரல் அடுப்படியிலிருந்து வந்திருக்கும். மறுக்க வழியில்லாத இடத்தில் செய்வதையெல்லாம் பாசக் கணக்கில் எழுதிவைப்பது பெரியவர்களுக்கு வசதியான பழக்கம். இன்னொன்றும் சொல்கிறேன், நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுகிறேன்: அவள் குனிந்து அமுக்கும் அந்த ஒரு மணி நேரமும் அவன் கையில் போன் இருக்கும்.

நான் பழைய காலத்து ஆள். கூடப்பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் உடம்பால் உதவ வேண்டும் என்று நம்புகிறவள். பந்தயம் முடிந்து நொண்டிக்கொண்டு வருகிறவனின் காலைத் தங்கை பிடித்துவிட்டால் அது வீட்டுக்கு அழகு. தினமும் ஒரு மணி நேரம் என்றாகிவிட்டால் அதற்குப் பெயர் வேலை. அந்த வேலைக்கு எதிராக அவன் அவளுக்கு என்ன செய்கிறான்? டியூஷனுக்குச் சைக்கிளில் கொண்டு விடுகிறானா? தான் இரண்டு வருடம் முன்னால் எழுதிய தேர்வுதானே, கணக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தானா? அண்ணன் என்கிற முறைக்குக் கடமை உண்டு. காலை நீட்டிப் படுப்பது அதில் சேராது.

இனி உங்கள் மசாஜுக்கு வருகிறேன். பயிற்சியாளர் சொன்ன காரணம் பிழை. அவர் லாக்டிக் அமிலம் என்று சொல்வது, வேகமாக ஓடும்போது இரத்தத்தில் கூடுகிற லாக்டேட். அது, ஓட்டத்தை நிறுத்திய சுமார் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே பழைய அளவுக்கு வந்துவிடும். மெதுவாக நடந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். காலையில் ஓடியவனின் காலில் இரவு ஒன்பது மணிக்கு வெளியேற்ற எந்த அமிலமும் பாக்கி இல்லை. கடும் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை கனத்து வலிப்பது, பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால். பெரும்பாலும் 24 மணி நேரம் முதல் 72 மணி நேரத்துக்குள் அந்த வலி உச்சத்துக்குப் போய், பிறகு தானே தணியும்.

மசாஜ் அப்போது எதற்குத்தான் ஆகும்? இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1,012 பேர் பங்கெடுத்த 29 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் மசாஜால் வேகமோ, பலமோ, தாவும் உயரமோ, தாக்குப்பிடிக்கும் சக்தியோ கூடியதாகத் தெரியவில்லை. உடம்பின் வளைவுத்தன்மையில் சிறிது முன்னேற்றம், மறுநாள் வலியில் சிறிது குறைவு. அவ்வளவுதான். 12,000 ரூபாய் கட்டினால் அவன் ஒரு நொடி முன்னதாக ஓடிவிடுவான் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பயன் உள்ள இடமும் உண்டு. பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மூன்று வாரத்தில் 21 கட்டங்கள் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு மாலையும் வீரர்களுக்கு மசாஜ் நடக்கும். நாளை காலை மறுபடியும் சைக்கிளில் ஏற வேண்டியவனுக்குச் சிறிது வலி குறைந்தாலும் லாபம். அங்கேகூட அதைச் செய்கிறவர் சம்பளம் வாங்கும் ஆள், வீரனுடைய தங்கை அல்ல. உங்கள் மகன் மாநிலப் போட்டி முடிந்து வந்து, ஒருமுறை செய்துகொள்ள ஆசைப்பட்டால் 1,500 ரூபாய் கொடுங்கள். அது சுகத்துக்கான செலவு என்று தெரிந்து கொடுங்கள். போட்டிக்கு முந்தின நாள் முதன்முதலாகப் போய் ஆழமாக அமுக்கிக்கொண்டு வந்தால், மறுநாள் தசை வலியோடுதான் கோட்டில் நிற்பான். பத்து முறைக்கு முன்பணம் வேண்டவே வேண்டாம். வாரம் இரண்டு முறை மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்பும் பஸ் நேரத்தில் அவன் தூங்கினால் அதைவிடப் பலன் உண்டு. இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அதற்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் இதெல்லாம் சாதாரண தசைவலிக்கு. உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது மகள் சொன்ன விஷயம். எலும்பின் மேல் ஒரே இடம், கை பட்டாலே துள்ளுகிறான். பயிற்சியைத் திடீரென்று கூட்டி, கடினமான தரையில் ஓடுகிற பையனுக்கு இப்படி வலித்தால், முழங்கால் கீழ் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கலாம். டாக்டர்கள் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பார்கள். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் ஓடவிடக் கூடாது என்று சொல்கிறேன். விரிசலானால் ஓட்டத்தை நிறுத்திப் பல வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும், சிலருக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதைத் தேய்த்து யாராலும் ஆற்ற முடியாது. ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்று மறுநாளே ரோட்டில் இறக்கிவிடாதீர்கள், வலி தொடர்ந்தால் டாக்டரே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுவார்.

நம் மாவட்டத்துக்குத் தடவுமுறை புதிதல்ல. அடிமுறை என்கிற தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்த ஆசான்மாரே வர்ம வைத்தியமும் பார்த்தார்கள். அடிபட்ட சீடனின் உடம்பில் ஆசான்தான் எண்ணெய் போட்டார். எங்கே தொடலாம் என்பதைவிட எங்கே தொடக்கூடாது என்பதை முதலில் படித்த கை அது. உங்கள் வீட்டிலோ, ஒரு சிறுபெண் கையில் தைலக் குப்பியைக் கொடுத்து, எதையும் சொல்லாமல் உட்கார வைத்திருக்கிறீர்கள். அப்படியும் பயிற்சியாளருக்கும் உங்களுக்கும் தட்டுப்படாதது அவள் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அவள் கண்டு சொன்னதை நீங்களும் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், அவனும் அவள்மேலேயே பழி போட்டான். அமுக்கத் தெரியாததால் அவன் துள்ளவில்லை அம்மா. அமுக்கக் கூடாத இடம் என்பதால் துள்ளியிருக்கலாம்.

குடும்பம் கரையேறும் என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் நம் ஊரில் உண்டு, ஆசைப்படுவதில் தவறு இல்லை. ஆனால் அந்தப் படகில் மகளுக்கு இடம் இருக்கிறதா, இல்லை துடுப்பு போட மட்டும்தானா? பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால் அவள் கேட்ட பிரிவு அவளுக்குக் கிடைக்கும். அவனுடைய பதக்கம் வரலாம், வராமலும் போகலாம், ஒரு விரிசல் போதும். பாலைவன வெயிலில் நின்று பணம் அனுப்புகிற மனிதர் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா. போனில் அவரிடம் மகனின் ஓட்டக் கணக்கைச் சொல்லும்போது இந்த இரவு வேலையையும் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

இன்று இரவு முதல் அவள் கையில் எண்ணெய் படக்கூடாது. தசை கனமாக இருந்தால் அவனே தன் கையால் தேய்த்துக்கொள்ளட்டும், அல்லது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஃபோம் ரோலர் என்கிற உருளையைத் தரையில் போட்டு, கெண்டைக்காலை அதன்மேல் உருட்டட்டும். வலிக்கும் எலும்புப் பக்கம் போகவே கூடாது. எப்போதாவது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால் யாரும் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்த 12,000 ரூபாயில் நல்ல ஓட்டக் காலணி ஒரு ஜோடி, தினமும் முட்டை, வாரத்தில் சில நாள் மரச்சீனியோடு சாளை மீன் குழம்பு என்று வைத்தால் மிச்சமே வரும். சாளை இரண்டு தட்டிலும் ஒரே அளவு விழ வேண்டும், சொல்லிவிட்டேன். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவுவது இனி மகனின் வேலை. நின்றுகொண்டு செய்ய வேண்டுமே, கால் வலிக்குமே என்று அவன் முகம் சுளித்தால், முக்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

டாக்டர் பார்க்கும்வரை ஓட்டமும் கிடையாது, பயிற்சியாளர் என்ன சொன்னாலும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு நாளைக் காலையிலேயே அவனை அழைத்துப் போங்கள். மகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வலிக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்ட அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், இன்று இரவே தங்கையிடம் மரியாதையாகக் கேட்டு, பேனாவால் குறித்துக்கொள்ளட்டும்.