பனியில் காட்டுக்குதிரைக் குடும்பங்கள்: கேள்வி பதில்

கே: காட்டுக்குதிரைகளைப் படமெடுக்க, அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா பக்கம் குளிர்காலத்தில் எங்கே தேடுவது?

ப: பிரையர் மலை உச்சிக்கு ஏறும் பாதைகளைப் பனி மூடிவிடும். அடிவாரத்தில், பிக்ஹார்ன் கேன்யன் வழியே போகும் 37ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாருங்கள். கோடி (Cody) நகருக்குக் கிழக்கே மெக்கல்லோ பீக்ஸும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே பென்டோனைட் களிமண். உறைந்திருக்கும்வரை கல் மாதிரி. இளகினால் சக்கரம் புதைந்துவிடும். விடியலில் போய், தரை இளகுமுன் தார்ச்சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.

கே: கூட்டத்தில் யார் யார் என்று எப்படித் தெரியும்?

ப: நடையை வைத்துத்தான். முன்னே வழிநடத்துவது பெரும்பாலும் மூத்த பெட்டை. தடித்த கழுத்தோடு பின்னாலோ ஓரத்திலோ வருவது பொலிக்குதிரை. அது காதைப் பின்னுக்கு மடித்து, தலையைத் தரையோடு தாழ்த்தி மற்றவற்றை ஓட்டும். அந்த ஒரு அசைவு போதும், குடும்பம் எதுவென்று புரிந்துவிடும். ஆண்கள் மட்டும் சேர்ந்து திரிந்தால் அது இளவட்டக் கூட்டம். குளிர்கால ரோமத்தில் நிறம் மாறித் தெரியும். நிறத்தை நம்பாமல் நெற்றிச் சுட்டி, கால்களில் உள்ள வெள்ளை, பிடரி விழும் பக்கம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள்.

கே: எவ்வளவு நெருங்கலாம்?

ப: 300 அடிக்குள் போகாதீர்கள். மேய்ச்சலை நிறுத்தித் தலைகள் உங்கள் பக்கம் திரும்பினால் அந்தத் தூரமும் போதவில்லை; பின்வாங்குங்கள். பெட்டைகள் பலவும் சினையாக இருக்கும் காலம் இது. குளம்பால் பனியைக் கிளறிக் கிடைக்கிற காய்ந்த புல்தான் சாப்பாடு. உங்களால் ஓட நேர்ந்தால் கரையும் கொழுப்பு வசந்தம்வரை திரும்பாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள்.

கே: படத்தில் பனி சாம்பல் நிறமாக விழுகிறதே?

ப: வெள்ளையைக் கேமரா நடுச்சாம்பலாக்கப் பார்க்கிறது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1.3 வரை ஏற்றுங்கள். கருங்குதிரை படச்சட்டத்தை நிறைத்தால் உடனே இறக்கிவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கே: 600 மி.மீ. லென்ஸ், 1/2000 ஷட்டர். ஆனாலும் கூர்மை இல்லை.

ப: காருக்குள்ளிருந்து எடுத்தீர்களா? ஜன்னல் வழியே வெளியேறும் சூடான காற்று லென்ஸின் முன்னால் அலையடிக்கும். ஹீட்டரையும் இன்ஜினையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர் ஆகும்வரை பொறுங்கள். பனி பெய்யும்போது ஃபோகஸ் பனிச்செதில்களில் தாவும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் குதிரையின் கண்ணில் வையுங்கள்.

கே: குளிரில் பேட்டரியை எப்படிக் காப்பது?

ப: உபரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். அறைக்குள் போகுமுன் கேமராவை ஜிப் பையில் மூடி, அறைச்சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். இல்லையேல் நீர் கோத்துவிடும்.

கே: குதிரைகளின் முதுகெல்லாம் பனி. பாவமாக இருக்கிறது, வைக்கோல் போடலாமா?

ப: கூடாது. தீவனத்துக்குப் பழகிய குதிரை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். முதுகுப் பனி உருகாமல் கிடந்தால் உடல்சூடு வெளியே கசியவில்லை என்று பொருள். தாகத்துக்குப் பனியைத் தின்னும். அந்த முதுகைச் சாய்வான காலை வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரியும்.